கடைசி நாளும் நாலுமூலைக் கேணியும்

ஊர் சுற்றப் போனால் கடைசி நாள் மட்டும் ஆளுக்கு ஒரு திசை. உங்கள் வீட்டில் எப்படியோ, எங்கள் வீட்டில் அப்படித்தான். மே மாதம் ஸ்ரீரங்கத்தில் ஐந்து நாள் தங்கினோம். இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்ப வேண்டும். பெண்ணுக்குக் கடைவீதியில் வளையல், அவருக்கு மத்தியானத் தூக்கம், எனக்குப் பெட்டி கட்டுகிற கவலை. "பாட்டி, நீங்க எங்க போகணும்?" என்று பையன்தான் கேட்டான். நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"திருவெள்ளறை" என்றார் என் மாமியார். சின்ன வயசில் அவங்க அப்பா கூட்டிக்கொண்டு போனாராம்.

துறையூர் சாலையில் மண்ணச்சநல்லூரைத் தாண்டிப் போக வேண்டும். திருச்சியிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் உண்டு. அத்தைக்கு முழங்கால் வலி என்பதால் கார் வைத்துக்கொண்டோம்.

வெள்ளைப் பாறை மேல் கோயில். அதனால்தான் அந்தப் பெயர். முடிக்காமல் விட்ட மொட்டைக் கோபுரம்தான் முதலில் கண்ணில் படுகிறது. பதினெட்டுப் படி ஏறி உள்ளே போனால், புண்டரீகாட்சப் பெருமாள் சன்னதிக்கு இரண்டு வாசல். தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். "இன்னொண்ணுக்குச் சாவி தொலைஞ்சு போச்சா?" என்றான் பையன். இந்த ஊரில் தாயாருக்குத்தான் முதல் மரியாதை. புறப்பாட்டில் தாயார் முன்னே போக, பெருமாள் பின்னால் வருவார். அத்தை இதைச் சொன்னபோது, அவர் மும்முரமாகத் தூண் சிற்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்!

அத்தை பார்க்க ஆசைப்பட்டது கோயிலுக்கு வெளியே இருக்கிற கேணியை. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், ஏறக்குறைய 1,200 வருஷத்துக்கு முன்னால், கம்பன் அரையன் என்பவர் வெட்டியது. கல்வெட்டில் மாற்பிடுகு பெருங்கிணறு என்று பெயர். ஸ்வஸ்திக வடிவத்தில் நாலு பக்கமும் படிக்கட்டு வளைந்து இறங்குகிறது. ஒரு துறையில் இறங்குகிறவரை அடுத்த துறையில் இருப்பவர் பார்க்க முடியாது. மறைவு என்பது எத்தனை பெரிய வசதி என்று வெளியூர் போகிற பெண்களைக் கேட்டால் தெரியும்.

அதைத்தான் சொல்ல வந்தேன். கேணிக் கரையில் நின்ற அத்தை சட்டென்று உட்கார்ந்துவிட்டார். உதடு காய்ந்திருந்தது. "தலை சுத்துதும்மா" என்றார். காலையிலிருந்து என்ன குடித்தீர்கள் என்றால், அரை டம்ளர் காப்பி! "வழியில பாத்ரூம் தேடி உங்களையெல்லாம் அலைய வைக்க வேண்டாமேன்னு..." ஐந்து நாளாகவே அப்படித்தானாம்.

"நானும்தாம்மா" என்றாள் பெண், மெதுவாக. பதினாலு வயசு. உண்மையைச் சொன்னால், நானும்தான்.

மர நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, துணியை நனைத்துத் துடைத்தோம். தெளிவாகப் பேசியதால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தேன். (நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே டாக்டரிடம் போங்கள்.) கைவசம் உப்பு சர்க்கரைப் பொட்டலம் இருந்தது. இல்லாவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்துகொள்ளலாம். நீரிழிவு, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீரும் குடிக்காமல், வருகிறதையும் அடக்கினால் நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் சுலபமாக வரும். வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது. நாம்தான் கேட்டுக் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

அரை மணியில் எழுந்து உட்கார்ந்து, "கேணியைப் பார்க்காம வர மாட்டேன்" என்றார். பேத்தி தோளைப் பிடித்துக்கொண்டு கரையிலிருந்தே நாலு பக்கமும் பார்த்தார். "இந்தப் பக்கந்தான் அப்பா என்னை உட்கார வச்சாரு."

வளையல் வாங்கவில்லை. ராத்திரி ஸ்டேஷனில் அத்தை ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டு, மகனைக் கூப்பிட்டு, "லேடீஸ் பாத்ரூம் எங்கேன்னு பார்த்துட்டு வாடா" என்றார். அவரும் போய்ப் பார்த்துக்கொண்டு வந்தார்.