முள் மாட்டினால் இழுக்காதீர்கள்



சென்ற பள்ளி விடுமுறையில் நான்கு நாள் கேமரன் மலையின் கியா பார்மில் அக்கா வீட்டில் இருந்தேன். பிரிஞ்சாங்கைத் தாண்டியதும் ஸ்ட்ராபெரியும் சோளமும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் குவிந்து கிடக்கும் அந்தச் சந்தையை உங்களில் பலர் அறிவீர்கள். சனிக்கிழமையானால் கார்கள் நகராது. சந்தையை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கினால் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள், அவற்றுக்கு நடுவே ஓர் ஓடை, ஓடையை மறித்துக் கட்டிய ஒரு குட்டை.

அக்கா மகனுக்கு 14 வயது. கைப்பேசியை வைத்துவிட்டுத் தூண்டில் கேட்டான் என்று அக்காவுக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. பிறந்தநாளுக்கு ராட், ரீல், கூடவே ஐந்து லூர் (போலி இரை) வாங்கிக் கொடுத்திருந்தார். முதல் நாள் சாயங்காலம் பையன் ஒரே ஒரு லூரோடு திரும்பி வந்தான்.

"நாலும் மாட்டி சங்கூட் ஆயிருச்சு மாமா. இழுத்தேன், அறுந்துருச்சு."

லூர் ஒன்று 25 வெள்ளி. நான்குக்கு நூறு வெள்ளி. மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாள் வேலை என்று வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். ஒன்றரை நாள் உழைப்பு ஒரு மாலையில் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. அக்கா திட்டவில்லை. "இது நமக்குக் கட்டுப்படியாகுமா?" என்று மட்டும் என்னைக் கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் இந்தப் பக்கம் தொடங்கியது. ஆசையாக வாங்கிய தூண்டில் இரண்டே வாரத்தில் ஸ்டோர் ரூம் மூலைக்குப் போன கதை எத்தனை வீடுகளில் இருக்கிறது? மீன் கிடைக்கவில்லை என்பதால் விட்டவர்கள் குறைவு. முள் மாட்டி, நூல் அறுந்து, காசு கரைந்து மனம் வெறுத்து விட்டவர்களே அதிகம் என்பது நான் பார்த்த வரையில் உண்மை.

பையனிடம் முதலில் ஒன்றைக் கேட்டேன். "எங்க எறிஞ்சே?" விழுந்து கிடந்த மரத்தின் பக்கமாக எறிந்தானாம். அங்கேதான் மீன் துள்ளியதாம். சரியான இடம்தான். மீனுக்கு நிழல் வேண்டும், மறைவு வேண்டும், மரத்தில் படியும் பாசியும் அதைத் தேடி வரும் பூச்சியும் வேண்டும். முள் மாட்டும் இடமும் மீன் இருக்கும் இடமும் ஒன்றேதான். அதனால் "மரம் இருக்கிற பக்கம் போகாதே" என்று சொல்லிப் பயனில்லை. மரத்தடியில் எதை எறிவது, எப்படி எறிவது என்றுதான் சொல்லித்தர வேண்டும்.

நம் நாட்டு நீர்நிலைகளையே பாருங்கள். தெமெங்கோர் ஏரியும் கெஞ்ஞீர் ஏரியும் அணை கட்டியபோது காட்டோடு சேர்த்து மூழ்கியவை. செத்த மரங்கள் இன்றும் தண்ணீருக்குள் நிற்கின்றன. மலாய்க்கார நண்பர்கள் அதை 'ரெபா' என்பார்கள். தோமான், செபாராவ் மீன்கள் அங்கேதான் பதுங்கும். கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயக்குட்டைகளில் மரக்கிளையோடு எப்போதோ விட்டுப்போன இரும்பும் கிடக்கும். கேமரனில் வேறு விதம். தோட்டங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கறுப்புக் குழாய்கள் ஓடையெங்கும் பாம்பு மாதிரி கிடக்கின்றன. கிழிந்த பிளாஸ்டிக் விரிப்பும் பழைய வலையும் மழைக்கு அடித்து வந்து குழாயில் சுற்றிக்கொள்ளும். பையனின் இரண்டு லூராவது குழாயில்தான் மாட்டியிருக்க வேண்டும்.

அடுத்து அவனுடைய டப்பாவைத் திறந்து பார்த்தேன். மிஞ்சியிருந்த லூரின் வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று என்று இரண்டு மும்முனைக் கொக்கிகள். ஆக ஆறு முனை, ஆறும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கடையில் பளபளப்பாகத் தெரிவது இதுதான். புதிதாகப் பழகுகிற ஒருவர் மரத்தடியில் எறியக்கூடாததும் இதுதான்.

இடுக்கியால் அந்த மும்முனைக் கொக்கிகளைக் கழற்றிவிட்டு, வாலில் மட்டும் ஒற்றை முள் மாட்டிக் கொடுத்தேன். ஆறு முனை ஒன்றாகிவிட்டது. மீன் பிடிபடுவது அதனால் குறைந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். மாட்டிய லூரை எடுக்கவே பாதி நேரம் போகிறவருக்கு, அந்த நேரமும் எறியக் கிடைப்பது லாபம்தானே? இன்னொன்று, கம்பி கொஞ்சம் மெல்லியதாக இருக்கும் முள்ளாகப் பார்த்து வாங்குங்கள். மாட்டினால் நூல் அறுவதற்கு முன் முள் நிமிர்ந்து லூர் கைக்கு வந்துவிடும். முள்ளைத் திரும்ப வளைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று முறை நிமிர்ந்தால் மாற்றிவிட வேண்டும்.

அதைவிடவும் நல்லது, முள் மறைந்திருக்கும் லூர். ஜம்ப் ஃப்ராக் என்று நம் ஊர்க் கடைகளில் தொங்கும் தவளை லூரைப் பார்த்திருப்பீர்கள். முனைகள் தவளையின் உடம்போடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும். தாமரை இலை மேலும் புல் மேலும் இழுத்தாலும் அதிகம் மாட்டாது. ரப்பர் புழு என்றால் முள்ளின் முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே லேசாகப் புதைத்துவிடலாம். மீன் கடித்து அழுத்தும்போதுதான் முனை வெளியே வரும். மிதக்கும் வகை மீன் லூரும் ஆரம்பத்துக்கு ஏற்றது. கட்டையில் இடித்ததாகக் கையில் தெரிந்தவுடன் சுற்றுவதை நிறுத்தினால், அது தானே பின்வாங்கி மேலே மிதந்து வரும். ஸ்பூன் லூர் அப்படியில்லை, உலோகத் துண்டு. தண்ணீரில் விழுந்தவுடன் ராட் நுனியைத் தூக்கிப் பிடித்துச் சுற்றத் தொடங்கவில்லை என்றால் நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

லூர் என்றால் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. இன்று உலகமே அறிந்த ரப்பாலாவின் தொடக்கம் ஃபின்லாந்து மீனவர் லௌரி ரப்பாலா 1936இல் கத்தியால் செதுக்கிய ஒரு தக்கைத் துண்டு. மினுமினுப்புக்குச் சாக்லேட் சுற்றிய தாளை ஒட்டினாராம். கையில் காசில்லாத குடும்பத்தலைவர் ஒருவர் வீட்டில் இருந்ததை வைத்துச் செய்தது அது.

நம் அப்பாக்களும் அப்படித்தானே மீன் பிடித்தார்கள்? மூங்கில் கழி, தங்கூசி, மண்புழு, தேய்ந்த சிலிப்பரில் வெட்டிய தக்கை. அவர்களுக்கு முள் மாட்டியது குறைவு. காரணம், எறிவதற்கு முன் ஆழம் பார்த்தார்கள். முள்ளில் ஓர் ஈயத்துண்டைக் கோத்து இறக்கி, தக்கையை மேலும் கீழும் நகர்த்தி, அது தண்ணீர் மட்டத்தில் லேசாகத் தலைகாட்டும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். பிறகு தக்கையை ஒரு சாண் கீழே இறக்கிக் கட்டினால், முள் தரையையும் வேரையும் தொடாமல் ஒரு சாண் மேலேயே தொங்கும். வீட்டில் ஒன்பது பத்து வயதுப் பிள்ளை தூண்டில் கேட்டால் லூர் வாங்கித்தராதீர்கள். தக்கையில் தொடங்கட்டும்.

எறிவதைப் பழகுவதற்குத் தண்ணீரே வேண்டாம். மறுநாள் காலை வீட்டுக்கு முன்னால் ஒரு வாளியை வைத்து, நூல் முனையில் நட்டு ஒன்றைக் கட்டி, முள் இல்லாமல் எறியச் சொன்னேன். முதலில் பக்கத்து வீட்டு வேலி, பிறகு செம்பருத்திச் செடி. மதியத்துக்குள் பத்துக்கு நான்கு முறை வாளிக்கு அருகில் விழுந்தது. இந்தப் பயிற்சியைச் செய்யாமல் போகிறவர்களின் லூர்தான் எதிர்க்கரை மரக்கிளைகளில் தொங்குகிறது.

இவ்வளவு செய்தாலும் மாட்டத்தான் செய்யும். மாட்டியவுடன் என்ன செய்கிறோம்? வெடுக்கென்று இழுக்கிறோம். முள் இன்னும் ஆழமாக ஏறுகிறது. கோபம் வந்து இன்னும் பலமாக இழுக்கிறோம்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது நூலைத் தளர்த்துவது. தளர்த்தி, ராட் நுனியை மெல்ல ஆட்டினால் பல முறை லூர் தானே விழுந்துவிடும். விழவில்லையா? கரையிலேயே நடந்து, எறிந்த திசைக்கு எதிர்ப்பக்கம் போய் இழுங்கள். எந்த வழியாக முள் உள்ளே போனதோ அந்த வழியாகத்தான் வெளியே வரும். அதற்கும் அசையாவிட்டால், நூலை இறுக்கமாக வைத்து, ரீலுக்கு மேலே ஓரிடத்தை விரலால் வில் நாண் மாதிரி இழுத்துச் சட்டென்று விடுங்கள். அந்த அதிர்வில் கழன்றுகொள்ளும்.

கடைசி வழி ஒரு பழைய பூட்டு. கனமான பூட்டை நூலில் வளையம் போலக் கோத்து, அதன் மறுபக்கத்தில் ஒரு கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நூல் வழியாகவே சறுக்கவிட வேண்டும். பூட்டு போய் லூரின் தலையில் இடித்துத் தள்ளும். பல கடைகளில் இதற்கென்றே கருவி விற்கிறார்கள். வீட்டில் சாவியோடு சும்மா கிடக்கும் பூட்டு இருந்தால் அதுவே போதும்.

எதற்கும் வராமல் அறுத்தே ஆக வேண்டும் என்றால், ராடை வளைக்காதீர்கள், ஒடிந்துவிடும். பிரெய்ட் (பின்னல்) நூலை வெறும் விரலில் சுற்றாதீர்கள், எலும்பு வரை அறுக்கும். ஒரு குச்சியில் நூலைச் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் நடங்கள். இறுகிய நூலில் இருந்து விடுபடும் லூர் நேராக நம் முகத்தைத்தான் தேடி வரும். பிள்ளைகளுக்குக் கண்ணாடி போட்டு அனுப்புங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான். முனையில் கட்டும் லீடரும் பிரதான நூலைவிடப் பலம் குறைந்ததாக இருக்கட்டும். நூல் 30 பவுண்டு என்றால் லீடர் 20 பவுண்டு. அறுந்தால் லீடர் மட்டும் போகும். முப்பது மீட்டர் நூல் தண்ணீரில் மிதக்காது.

இப்போது நான் எழுத உட்கார்ந்த உண்மையான காரணத்துக்கு வருகிறேன்.

மூன்றாவது லூர் மாட்டியபோது பையன் சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கியிருக்கிறான். சேறு காலைப் பிடித்ததும் பயந்து ஏறிவிட்டானாம். இதை அவன் தன் அம்மாவிடம் சொல்லவில்லை, இரவு படுக்கப் போகும்போது என்னிடம் சொன்னான். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஈயக்குட்டைகளின் கரை இரண்டடியில் செங்குத்தாக இறங்கும். கேமரனின் நீர்நிலைகளில் தோட்ட மண் கரைந்து வந்து சேறாகப் படிந்திருக்கிறது. ரிங்லெட் ஏரியில் வருடக்கணக்கில் அதைத்தான் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். ஆற்றிலோ, நாம் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும்போதே மேலே மலையில் பெய்த மழை ஒரே வீச்சில் வந்துவிடும். இந்தத் திடீர் வெள்ளத்துக்கான 'கெப்பாலா ஆயர்' என்ற சொல்லைக் கேட்டால் மலைவாசிகள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழைக்குப் பிறகு சுல்தான் அபு பக்கார் அணையில் இருந்து நீர் திறக்கப்பட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியது. வீடுகள் போயின, உயிர்களும் போயின. அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் சைரன் கேட்டால் ராடையும் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓட வேண்டும்.

25 வெள்ளிக்காகத் தண்ணீரில் இறங்காதே என்று பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள் அம்மாக்களே, அப்பாக்களே. "தொலைச்சுட்டு வந்தா தெரியும்" என்று நாம் மிரட்டி அனுப்பினால், அந்தப் பயத்திலேயே இறங்குவார்கள். லூர் போனால் போகட்டும், நீ வா என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும், பிள்ளை கரையிலேயே நிற்கும். மறுநாள் காலை பையன் அம்மாவிடம் தானே சொன்னான். அக்கா அவன் தலையைத் தடவிவிட்டு, லூர் போனால் போகட்டும் என்றுதான் சொன்னார்.

தொலைந்த லூர் நம் பையில் இருந்து மட்டும் போவதில்லை. நைலான் நூல் மக்குவதற்குப் பல நூறு ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். அதுவரை கொக்கின் காலிலும் நீர்நாயின் கழுத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும். பிரிட்டனில் சிறிய ஈயக்குண்டுகளைக் கூழாங்கல் என்று விழுங்கி அன்னங்கள் விஷமேறிச் செத்தன. 1987இல் அந்தக் குண்டுகளைத் தடை செய்த பிறகே அன்னங்களின் எண்ணிக்கை மீண்டும் ஏறியது. நம் கடைகளில் ஈயம் தாராளமாகக் கிடைக்கிறது. அதற்குப் பதில் இரும்பு நட்டைக் கட்டினாலும் மீனுக்கு வித்தியாசம் தெரியாது, நமக்கும் செலவு குறைவு.

கடைசி நாள் காலை பனி விலகுவதற்கு முன்பே இருவரும் குட்டைக்குப் போனோம். ஒற்றை முள் லூர் மூன்று முறை மாட்டியது. இரண்டு முறை தளர்த்தியதும் வந்துவிட்டது. மூன்றாவது முறை பூட்டை இறக்கினோம். லூரோடு யாரோ எப்போதோ அறுத்துவிட்ட நைலான் பந்து ஒன்றும் சேர்ந்து வந்தது. அதற்குள் துருப்பிடித்த இரண்டு முள், ஓர் ஈயக்குண்டு, பையன் முதல் நாள் தொலைத்த பச்சை லூர்.

மீன் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்கா கத்தரிக்கோலை எடுத்து அந்த நைலானை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கினார், குப்பைமேட்டில் எந்தப் பறவையின் காலிலும் சுற்றிவிடக் கூடாது என்று. துருப்பிடித்த முள்ளை ஒரு பழைய மைலோ டின்னில் போட்டு மூடி, அடுப்படி ஜன்னலில் வைத்தார். பையன் பச்சை லூரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், இடுக்கியால் அதன் கொக்கிகளைக் கழற்றத் தொடங்கியிருந்தான்.

அன்புடன்,
ஆசிரியர்