நன்றி எழுதும் நோட்டு

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்கும்போது எங்கள் இல்லத்தில் அலமாரியின் மேல்தட்டிலிருந்து நீல அட்டை போட்ட நீண்ட கணக்கு நோட்டு ஒன்று கீழே இறங்கும். அதைப் பற்றித்தான் இம்மாதம் வாசகப் பெருமக்களோடு பேச விரும்புகிறேன். கட்டிலுக்கடியில் இருக்கும் தகரப் பெட்டியும் அன்றே வெளியே வரும். ஆனால் குடில் சுரூபங்கள் வைத்த அத்தகைய பெட்டி எல்லாக் கத்தோலிக்க இல்லங்களிலும் உண்டு.

எங்கள் ஊர் புதியம்புத்தூர். ஊரைச் சுற்றிலும் கரிசல் காடு. ஊருக்குள்ளே தையல் இயந்திரங்களின் ஓசை. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ஆயத்த ஆடைகள் இங்கிருந்து பல ஊர்களுக்குச் செல்வதால், 'குட்டித் திருப்பூர்' என்ற பட்டமும் உண்டு. எங்கள் குடும்பத்திற்கும் அதுவே தொழில். ஒன்றரை ஏக்கர் மானாவாரிப் புஞ்சையும் இருக்கிறது. மழை மனம் வைத்தால் உளுந்தும் மக்காச்சோளமும் தரும்.

அந்த நோட்டு என் மாமியாரின் ஏற்பாடு. டிசம்பர் 24 மாலை, நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்படுமுன், குடிலின் முன் அனைவரும் அமர வேண்டும். அவ்வாண்டு இறைவன் அளித்த நன்மைகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். ஐந்தாம் வகுப்பு வரையே படித்தவர். எனினும் எழுத்து மணிமணியாக இருக்கும். பிறந்த குழந்தை, தீர்ந்த காய்ச்சல், அடைந்த கடன், பிள்ளைகளின் தேர்ச்சி எல்லாம் அதில் உண்டு. 2004-ஆம் ஆண்டுப் பக்கத்தின் அடியில், இரண்டு நாள் கழித்து வேறு மையில் சேர்த்த வரி ஒன்று: கடலோரத்து உறவினர் உயிர் பிழைத்ததற்கு நன்றி. 2020-இல், உயிர்ப்புப் பெருவிழாவன்று கோவில் பூட்டியிருந்த வருத்தத்தை ஒரு வரியில் கூறிவிட்டு, முகக்கவசம் தைக்கும் வேலை வந்ததற்கு நான்கு வரி நன்றி எழுதியிருக்கிறார்.

வெளிநாட்டில் வாழும் உறவினர் சிலர், ஆண்டு முடிவில் குடும்பச் செய்திகளை அச்சிட்டுப் புகைப்படத்துடன் அனுப்புவதுண்டு. பதவி உயர்வு, புது வீடு, பிள்ளைகளின் பரிசு யாவும் அதில் இருக்கும். படிக்க மகிழ்ச்சிதான், எனினும் அந்த வீடுகளில் யாருக்கும் தலைவலியே வருவதில்லையோ என்று எண்ணத் தோன்றும். எங்கள் நோட்டு அப்படிப்பட்டதன்று என்று நான் சற்றுப் பெருமையாகவே நினைத்திருந்தேன்.

பார்வை மங்கியபின் மாமியார் அப்பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். 2023-ஆம் ஆண்டின் பக்கத்தை டிசம்பர் 16 அன்றே எழுதி முடித்துவிட்டேன். எழுத ஏராளம் இருந்தது. 1923-இல் நிறுவப்பெற்ற தூத்துக்குடி மறைமாவட்டம் நூறாண்டு நிறைவு கண்ட ஆண்டு அது. மூத்த மகள் தூத்துக்குடியில் கல்லூரியில் சேர்ந்தாள். இளையவன் புது நன்மை வாங்கினான். வங்கிக் கடனில் இரண்டு புதிய இயந்திரங்கள் வந்தன. தீபாவளி விற்பனை குறைவின்றி முடிந்தது. புஞ்சையில் உளுந்து பூத்து நின்றது.

மறுநாள் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சி ஞாயிறு என்று திருச்சபை அழைக்கும் நாள். அன்றுதான் அந்த மழை பிடித்தது.

அம்மழையைக் குறித்துப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. திங்கள் காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். எங்கள் மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட அது அதிகம். கடலைக் காணாத கோவில்பட்டியிலும் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோயிற்று. மழைக்காக வானத்தை அண்ணாந்து பார்த்தே பழகிய மண் எங்களுடையது. வெயிலில் கை நுழையுமளவு வெடித்துக் கிடக்கும் கரிசல், ஈரம் பட்டால் காலைக் கவ்விக்கொண்டு விடாது. அன்று அது குளமாகவே கிடந்தது. பூத்து நின்ற உளுந்து மூன்று நாளில் அழுகிற்று.

தையற்கூடத்திற்குள் முழங்காலளவு தண்ணீர். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்குமெனத் தைத்துத் தரையில் அடுக்கியிருந்த கட்டுகள் ஊறி, சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கிவிட்டது. மின்சாரம் இல்லை. தொலைபேசியும் இல்லை. சரக்கைப் பற்றி அப்போது யாருக்கும் கவலையில்லை. மகள் தூத்துக்குடி விடுதியில் இருந்தாள். நகரம் முழுவதும் வெள்ளம் என்ற செய்தி மட்டும் வந்தது. என் கணவர் இருமுறை புறப்பட்டு, வழியில்லாமல் திரும்பினார். மாமியார் இரவு பகலாகச் செபமாலையைக் கையிலிருந்து இறக்கவில்லை. நானோ, உண்மையைச் சொல்வதானால், செபிக்கவில்லை; வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழனன்று அவள் சேறு படிந்த காலோடு வந்து சேர்ந்தாள். விடுதியின் மேல்மாடியில் பாதுகாப்பாகத்தான் இருந்திருக்கிறாள்.

மறுநாள் நோட்டை எடுத்தேன். மேல்தட்டில் இருந்ததால் நனையவில்லை. "அத்தை, இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறேன். எழுதியதில் பாதி இப்போது பொய்" என்றேன்.

"கிழிக்காதேம்மா. கீழே இடம் இருக்குல்லா? அதில் எழுது" என்றார்.

என்ன எழுதுவது? மகள் திரும்பியதை எழுதினேன். அதற்குமேல் பேனா ஓடவில்லை.

அவ்வேளையில் வாசலில் ஒரு பெண்மணி தலைச்சுமையுடன் நின்றார். பொத்தான் வைக்கவும் பிசிறு வெட்டவும் துணிகளை வீட்டுக்கு எடுத்துச் செல்பவர். பல ஆண்டுகளாக எங்களிடம் வேலை செய்பவர். சுமையை இறக்கிப் பிரித்தார். பன்னிரண்டு டஜன் குழந்தைச் சட்டைகள். ஒன்றுகூட நனையவில்லை. வீட்டின் ஒரு பக்கச் சுவர் சரிந்துவிட்டதாம். தண்ணீர் ஏறும்போது முதலில் எங்கள் கட்டைப் பரணில் ஏற்றியிருக்கிறார். ரேஷன் அரிசி மூட்டை தரையிலேயே இருந்து நனைந்துபோயிற்று.

"உங்க சரக்கு பத்திரமா இருக்குக்கா" என்றார்.

அவருக்கு நாங்கள் மூன்று வாரக் கூலி பாக்கி வைத்திருந்தோம். பொங்கல் சரக்குக்குப் பணம் வந்ததும் தருவதாகச் சொல்லியிருந்தோம். அதைக் குறித்து அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மாமியார் வெகுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "பழைய பக்கமெல்லாம் வாசி" என்றார். வாசித்தேன். இறைவனுக்கு நன்றி, பரலோக மாதாவுக்கு நன்றி, புனித அந்தோனியாருக்கு நன்றி. கடன் தந்த வங்கி அதிகாரிக்கும், தவணை தந்த துணி வியாபாரிக்கும்கூட நன்றி. தைத்தவர், வெட்டியவர், பொத்தான் வைத்தவர் எவரும் எந்தப் பக்கத்திலும் இல்லை. "ஓட்டம் நன்றாக இருந்தது" என்று மட்டும் ஆண்டுதோறும் இருந்தது. இயந்திரங்கள் தாமே ஓடியதுபோல!

"எல்லாம் என் கையெழுத்துதான். நான்தான் விட்டுட்டேன்" என்றார் அவர். காமநாயக்கன்பட்டிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கே பணியாற்றிய வீரமாமுனிவர், தச்சரான சூசையப்பரையே தலைவராக்கித் தேம்பாவணி பாடினார் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சலிக்காமல் சொல்லுபவர். அவர் வாயிலிருந்து அச்சொல் வந்தது எனக்குத் தாங்கவில்லை. தீபாவளிக் கணக்கு முடித்து, கூலியைத் தள்ளிப் போட்டவர்கள் நாங்கள்தானே.

நல்ல நிலையில் மிஞ்சிய சரக்கு அந்தப் பன்னிரண்டு டஜன் மட்டுமே. சனிக்கிழமை ஒரு கடைக்காரர் அதை ரொக்கத்துக்கு எடுத்துக்கொண்டார். அப்பணம் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. பதினொரு பேரின் பாக்கிக்கும் அது போதாததால், புது உடைக்கும் பண்டங்களுக்கும் ஒதுக்கியதையும் சேர்த்துப் பகிர்ந்தோம். இளையவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அதையும் மறைப்பதற்கில்லை.

ஞாயிறு காலைத் திருப்பலியில் பங்குத்தந்தை ஒரு செய்தி சொன்னார். 1223-ஆம் ஆண்டு இத்தாலியிலுள்ள கிரேச்சோ என்னும் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலுக்கு அவ்வாண்டோடு 800 ஆண்டுகள் நிறைவுறுகின்றன. அக்குடிலில் சுரூபங்களே இல்லை, வைக்கோல் நிறைந்த தீவனத்தொட்டியும் ஒரு மாடும் கழுதையுமே இருந்தன என்றார். எங்களுக்காகவே சொன்னதுபோல் இருந்தது. தகரப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, எங்கள் சுரூபங்கள் கரைந்தும் உடைந்தும் போயிருந்தன. மாலையில் மகளும் மகனும் ஒரு மரப்பெட்டியை வைத்தார்கள். எங்கள் பக்கம் வைக்கோல் ஏது? பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டிலில் உலர்ந்து கிடந்த சோளத்தட்டையைப் பரப்பினார்கள்.

அதன்முன் அமர்ந்து, பதினொரு பேரின் பெயர்களையும் எழுத முற்பட்டேன். பத்துப் பெயர்கள் எழுதியாயிற்று. பதினோராவது, அந்தப் பொத்தான் வைக்கும் பெண்மணி. என் கணவரைக் கேட்டேன், மாமியாரைக் கேட்டேன். கூலி நோட்டிலும் 'வடக்குத் தெரு அக்கா' என்றே இருந்தது. எங்களில் எவருக்கும் அவர் பெயர் தெரியவில்லை.

டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வடக்குத் தெருவுக்கு நடந்தேன். சரிந்த சுவர்ப் பக்கம் தார்ப்பாய் கட்டியிருந்தது. அவர் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் பிள்ளைகள் வாசலில் காகித நட்சத்திரம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். வந்த காரியத்தைத் தயக்கத்தோடு சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"ரேஷன் கார்டுல இருக்கிற பேரா, வீட்டுல கூப்பிடுற பேரா, எது வேணும்?"

இரண்டையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன்.