கந்தோர் வந்தது, அதிகாரம் வரவில்லை

வலிகாமத்து விவசாயி ஒருவர் நம்மிடம் வந்தார். அவரது ஊர்க்குளம் தூர்ந்து கிடக்கிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத இக்குடாநாட்டில் மாரி மழையைத் தேக்கிக் கிணறுகளுக்கு நன்னீர் ஊட்டுவன குளங்களே. குளம் தூர்ந்தால் கோடையில் வெங்காயம் வாடும். இதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. குளம் கமநல சேவை நிலையத்தின் பொறுப்பு என்றனர். அதற்கு நீர் கொணரும் வீதியோர வாய்க்கால் பிரதேச சபைக்குரியது. கரையை அடைத்த வேலியோ அரச காணியில் நிற்கிறது. அது பிரதேச செயலகத்தின் அலுவல். மூன்று படிகளையும் ஏறி இறங்கியவர், வழக்குத் தொடுக்கலாமா என்று கேட்டார். யார்மீது தொடுப்பது?

முன்னர் எல்லாக் காரியத்துக்கும் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலிலேயே மக்கள் காத்து நின்றனர். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் அரசாங்க அதிபரின் அதிகாரங்களைப் பிரதேசச் செயலாளர்களுக்கு மாற்றியது. இன்று யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள் உள. கடல் நடுவேயுள்ள நெடுந்தீவுக்கும் ஒன்றுண்டு. 2025 செப்டெம்பரில் கச்சேரி வளவிலேயே கடவுச்சீட்டுக் கந்தோரும் திறக்கப்பட்டது. அதை நாம் குறைகூறோம், நன்றே செய்தனர்.

எனினும், கந்தோர் அண்மித்ததனால் அதிகாரம் அண்மித்ததாகுமா? பிரதேசச் செயலாளர் பதில் சொல்வது கொழும்பு அமைச்சுக்கு, ஊராருக்கன்று. கமநல சேவைகள் 13ஆம் திருத்தத்தின்படி மாகாண நிரலில் எழுதப்பட்டுள்ளன. எழுத்து அங்கே, 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தை நடத்தும் ஆணையாளர் நாயகமோ கொழும்பிலே! இதைத் தட்டிக்கேட்க வேண்டிய வட மாகாண சபை 2013இல் தெரிவாகி, 2018 ஒக்டோபரில் காலாவதியாயிற்று. 2025 முடியும்வரை அடுத்த தேர்தல் நடைபெறவில்லை. அந்த ஏழு ஆண்டுகளும் சனாதிபதி நியமித்த ஆளுநர்களே மாகாணத்தை நடத்தினர்.

பழைய கிராமச் சபை அங்கத்தவரை அவர் வீட்டுத் திண்ணையிலேயே போய்க் கேட்கலாம். சாதித் திமிரும் சண்டித்தனமும் அச்சபைகளில் இல்லாதிருந்தன என்று நாம் சொல்லவரவில்லை. ஆயினும் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார். அச்சபைகள் 1980ஆம் ஆண்டின் அபிவிருத்திச் சபைச் சட்டத்தோடு மறைந்தன. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த பிரதேச சபையோ பல கிராமங்களை ஒருங்கே அடக்கியது.

நாம் கேட்பது புதிய கட்டடமன்று. மாகாண சபைத் தேர்தலுக்கு ஒரு திகதி. மாகாண நிரலிலுள்ள அலுவல்களிலேனும் பிரதேசச் செயலாளர் தெரிவான சபைக்குப் பதில் சொல்லச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். குளமும் வாய்க்காலும் கரையும் ஒரு கையில் இருத்தல் வேண்டும்.

அந்த விவசாயிக்கு நாம் வழக்கு எழுதவில்லை. ஒரே மனுவை மூன்று கந்தோர்களுக்கும் மும்முறை எழுதிக் கொடுத்தனுப்பினோம்.