மகளுக்குக் காப்பு, தாய்க்கு?

2017ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கைப் பாடசாலைகளில் ஆறாந்தரத்திற் பயிலும் சிறுமியருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி அரசாங்கச் செலவில் ஏற்றப்பட்டு வருகின்றது. நற்செயல், பாராட்டுகின்றோம். ஆயின், அவ்வாண்டில் ஊசி பெற்ற பத்து வயதுச் சிறுமி முப்பத்தைந்தை எட்டுவது 2042இல். அதுவரை இந்நோய்க்கு இரையாகக் கூடியவர்கள் அவளுடைய தாயும் சிறிய தாயும் மூத்த அக்காளுமே. அவர்களைப் பொறுத்தவரை ஊசிக்குரிய பருவம் கடந்துவிட்டது. எஞ்சியுள்ள காப்பு பரிசோதனை ஒன்றே. அப்பரிசோதனை அவர்களது வாசலை எட்டுகின்றதா?

நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஆயிரம் பெண்களிடம் இந்நோய் புதிதாகக் காணப்படுகின்றது. உலகிலோ, 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 350,000 பெண்களை இது மாய்த்தது. இத்தனைக்கும் இது திடீரெனத் தாக்கும் நோயன்று. எச்.பி.வி. என்னும் வைரசே இதன் காரணி. இவ்வுண்மையைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் 2008இல் நோபெற் பரிசு பெற்றார். இவ்வைரசு மணவாழ்வு காணும் பெண்களிற் பெரும்பாலோரை ஒரு காலத்திலே தொட்டுத் தானாகவே விலகிவிடும். சிலரிடத்து மட்டும் தங்கி, பதினைந்து இருபது ஆண்டுகளாக மெல்ல மெல்லத் திசுவை மாற்றிப் புற்றாக்குகின்றது. கணவனையன்றிப் பிறரை அறியாத பெண்ணுக்கும் இது வரும். எனவே மானக்கேடென்று ஒளிப்பதற்கு இதில் ஏதுமில்லை. அத்தனை ஆண்டுகள் அவகாசம் தரும் நோயிடம் ஓர் உயிரைப் பறிகொடுப்பது விதியன்று; கவனக்குறைவு.

இலங்கையில் 1996ஆம் ஆண்டிலே சுகவனிதையர் கிளினிக்குகள் தொடங்கப்பட்டன. முப்பத்தைந்து வயதுப் பெண்களே முதல் இலக்கு. பின்னர் நாற்பத்தைந்தும் சேர்க்கப்பட்டது. கட்டணம் இல்லை. எனினும் கதவைத் திறந்து வைப்பது வேறு, பெயர் சொல்லி அழைப்பது வேறு. இங்கிலாந்திலே 1960களிலேயே பரிசோதனை தொடங்கியும் பலன் சொற்பமாகவே இருந்தது. 1988இல் ஒவ்வொரு பெண்ணையும் பதிவேட்டின்படி கடிதம் அனுப்பி அழைக்கும் முறை வந்த பின்னரே மரணங்கள் வேகமாகக் குறையலாயின.

செல்வ நாடுகளின் கதை நமக்கெதற்கு என்பார் உளர். அவர்கள் தமிழகத்தின் திண்டுக்கல் மாவட்டத்தைப் பார்க்கட்டும். அங்கு 2000ஆம் ஆண்டில் டாக்டர் சங்கரநாராயணன் முதலியோர் தொடங்கிய ஆய்வில் 49,311 நாட்டுப்புறப் பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். 31,343 பேர் வந்தனர். பெரிய ஆய்வுகூடம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பயிற்சி பெற்ற தாதி, வினாகிரியின் சாரமான அமிலத்தைத் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணாற் கண்டாள். தக்கவர்களுக்குக் கடுங்குளிரால் அவ்விடத்தை உறையச்செய்யும் சிகிச்சையும் அளித்தாள். ஏழாண்டு முடிவில், அழைக்கப்படாத கிராமங்களைவிட அழைக்கப்பட்ட கிராமங்களில் நோய் 25 வீதமும் மரணம் 35 வீதமும் குறைந்திருந்தன. (ஒப்பீட்டுக்கென விடப்பட்ட முப்பதாயிரம் பெண்களுக்கு ஏன் பரிசோதனையில்லை என்ற கேள்வி பின்னர் எழுந்தது. நியாயமான கேள்வியே.) அதே கேள்வியை நாம் இங்கு கேட்கின்றோம். எமது கரையோரப் பெண்கள் எந்த ஆய்வின் பொருட்டு விடப்பட்டிருக்கின்றார்கள்?

கற்பிட்டிக் குடாநாட்டின் குறிஞ்சிப்பிட்டியை எடுத்துக்கொள்வோம். கடலும் மணல் நிலத்துப் பயிர்ச்செய்கையுமே அப்பகுதியின் வாழ்வு. தமிழ் பேசும் பெண்ணொருத்தி வெங்காயப் பாத்தியையும் அடுப்பையும் குழந்தைகளையும் விட்டு, அரைநாட் கூலியை இழந்து, வலியொன்றும் இல்லாத உடம்பைக் காட்ட எதற்காகப் புறப்படுவாள்? வலியும் இரத்தப்போக்கும் வந்தபின் புறப்பட்டால், மகரகமை வைத்தியசாலை நூற்றைம்பது கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கின்றது.

பேறொன்று நமக்குண்டு. குடும்பநல மாதின் கையில் ஒவ்வொரு வீட்டையும் பற்றிய பதிவேடு இருக்கின்றது. பிள்ளைப்பேற்று மரணத்தை இந்நாடு வென்றது அந்த மாதின் கால்நடையால் அன்றோ! அப்பதிவேட்டிலிருந்து, வயது வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் பெயரிட்டுத் தமிழிலே அழைப்பு வரவேண்டும். நாற்பத்தைந்தைக் கடந்தும் ஒருமுறையேனும் பார்க்கப்படாதோரை விட்டுவிடலாகாது. பெண்ணே பரிசோதிக்க வேண்டும். முடிவு வீடு தேடி வரவேண்டும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த எச்.பி.வி. மரபணுப் பரிசோதனையிற் பெண் தானே மாதிரியை எடுத்துக் கொடுக்கலாம். நாணத்தால் பின்னிற்கும் ஊர்களுக்கு இதைவிட ஏற்றது வேறில்லை. அது கொழும்புக்கு முன்னே கற்பிட்டிக்கு வருதல் தகும்.

கமக்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும் ஒரு சொல்: கிளினிக் நாளில் மனைவியைத் தோட்டத்திலே தேடாதீர்கள். கற்ற பெருமக்களுக்கும் ஒன்றுண்டு. புத்தளம் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில், கற்பிட்டிப் பிரிவிலே முப்பத்தைந்து வயதான பெண்கள் எத்தனை பேர், பரிசோதிக்கப்பட்டோர் எத்தனை பேர், குறை காணப்பட்டுச் சிகிச்சையை முடித்தோர் எத்தனை பேர் என்னும் மூன்று கணக்கையும் எமது பிரதிநிதிகளைக் கேட்கச் செய்யுங்கள். விடையை ஊரறியப் பள்ளிவாசலிலும் கோவிலிலும் தேவாலயத்திலும் பாடசாலையிலும் எழுதி ஒட்டுங்கள்.