பெஞ்சிலிருந்து ஓடிவரும் இரண்டாவது ஆள்



பதிவு கொஞ்சம் நீளம். கழகம் நடத்துகிறவர்களும் பெருநாள் கிண்ணம் நடத்தும் தம்பிமாரும் கட்டாயம் கடைசி வரை வாசிக்க வேண்டும். மற்றவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே வாசிக்கலாம்.

எங்கள் பக்கத்தில் இரண்டு கழகங்கள் மைதானத்தில் அடித்துக்கொண்டால் அடுத்த நாள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "ஆர் முதல்ல தள்ளினது?" தேத்தண்ணிக் கடையிலும் இதுதான், ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடும்போதும் இதுதான். விசாரிக்க உட்கார்ந்த கமிட்டியும் இதையே இரண்டு மணித்தியாலம் கேட்டுவிட்டு எழும்பிப் போகும். இந்தக் கேள்வியால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது எங்கள் கருத்து. இரண்டாவதாக ஓடிவந்தது யார் என்று கேட்க வேண்டும்.

உதைபந்தாட்டம் உடம்போடு உடம்பு முட்டுகிற விளையாட்டு. வெயிலில் எழுபது நிமிடம் ஓடியவன், காலில் அடி வாங்கினால் எழும்பித் தள்ளத்தான் பார்ப்பான். அதற்கு மத்தியஸ்தரின் பையில் சிவப்பு அட்டை இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் என்றால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பெஞ்சில் தண்ணீர்ப் போத்தலோடு இருந்த ஆறு பேர் எழும்பி உள்ளே ஓடும் அந்த நொடியில்தான் அது சண்டையாகிறது. அதற்குப் பிறகு கயிற்றுக்கு வெளியே நிற்கிறவர்களைப் பிடிக்க ஆளில்லை. எங்கள் மைதானங்கள் பலவற்றில் வேலி கிடையாது. ஒரு கயிறும் சுண்ணாம்புக் கோடும்தான் பாதுகாப்பு.

2022 உலகக் கிண்ணக் காலிறுதியை நினைத்துப் பாருங்கள். ஆர்ஜென்டினாவும் நெதர்லாந்தும். எங்கள் நேரப்படி இரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஆர்ஜென்டினாவின் பரேடெஸ், நேதன் ஆகேயைக் காலோடு வெட்டி விழுத்தினார். விசில் அடித்த பிறகு பந்தை நெதர்லாந்து பெஞ்சை நோக்கியே பலமாக உதைத்தார். அவ்வளவுதான், பெஞ்ச் முழுவதும் உள்ளே பாய்ந்தது. வேன் டைக் ஓடிவந்து பரேடெஸை மோதி விழுத்தினார். இவ்வளவுக்கும் பரேடெஸுக்குக் கிடைத்தது ஒரு மஞ்சள் அட்டை. அவர் தொடர்ந்து விளையாடினார், பெனால்டியில் கோலும் போட்டார், அந்த அணி கிண்ணமும் தூக்கியது.

இதைப் பார்த்த எங்கள் பிள்ளைகள் என்ன பாடம் படித்திருப்பார்கள் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. இடைவேளையில் பாடசாலை முற்றத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். மெஸ்ஸியின் இடது காலைப் பழக வருடக் கணக்கில் பாடுபட வேண்டும். பரேடெஸ் செய்ததைப் பழக ஒரு பின்னேரம் போதும். (ஆர்ஜென்டினா ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். இதை எழுதுகிற வீட்டிலும் நீலம் வெள்ளைக் கொடி தொங்கியது.)

ஆனால் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் எல்லாமே மஞ்சள் அட்டையோடு முடிவதில்லை. 2015 டிசம்பர் 20, இந்திய சூப்பர் லீக் இறுதிப் போட்டி. கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் எஃப்சி கோவாவை 3-2 என்று சென்னையின் எஃப்சி வென்றது. கடைசி நிமிடங்களில் முடிவு தலைகீழாக மாறிய ஆட்டம். முடிந்ததும் கைகலப்பு. கிண்ணம் வென்ற சென்னை அணித் தலைவர் இலானோவை, கோவா அணியின் உரிமையாளர் ஒருவரைத் தாக்கினார் என்ற முறைப்பாட்டில் பொலிஸ் கைது செய்து பிணையில் விட்டது. கோவா அணி பரிசளிப்பைப் புறக்கணித்தது. அடுத்த வருடம் ஒழுக்காற்று ஆணைக்குழு அந்தக் கழகத்துக்குக் கோடிக்கணக்கில் தண்டம் போட்டது, பதினைந்து புள்ளிகளை வெட்டியது, உரிமையாளர்களையும் இடைநிறுத்தியது. மேன்முறையீட்டில் புள்ளி வெட்டு நீங்கியது. அது வேறு கதை. முதலாளியாக இருந்தாலும் விசாரணை, எழுத்தில் தீர்ப்பு, மேன்முறையீடு என்று ஒரு வழி அங்கே இருந்தது. நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்துச் சண்டையை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒழுக்காற்றுக் குழுவை யாரும் நேரடி ஒளிபரப்புச் செய்வதில்லையே!

எங்கள் வழி என்ன? சமாதானம். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் இருப்பார்கள், சோடா உடைப்பார்கள், கை குலுக்குவார்கள், படம் எடுத்து முகநூலில் போடுவார்கள். சமாதானம் நல்லதுதான், இரண்டு பேருடைய மனஸ்தாபத்துக்கு. ஆனால் சுற்றுப்போட்டி விதியை மீறியதற்குச் சமாதானம் எப்படித் தண்டனையாகும்? எங்கள் சக ஆசிரியர் ஒருவர் நல்ல மத்தியஸ்தர். ஓர் இறுதிப் போட்டியில் ஒரு பெஞ்ச் முழுவதும் அவரைச் சுற்றி வளைத்தது, சட்டை கிழிந்தது. பிறகு சமாதானம் பேசினார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், அடுத்த கிழமை அதே ஆட்கள் அதே சீருடையில் விளையாடினார்கள். அவர் அன்றிலிருந்து விசிலைத் தொடவில்லை. "எனக்கும் ரெண்டு புள்ளைகள் இரிக்கி" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. இப்போது நல்ல ரெப்ரி கிடைப்பதில்லை என்று கழகங்கள் குறைப்படுகின்றன.

பெரிய மைதானங்களில் இது எங்கே போய் முடியும் என்பதற்குக் கல்கத்தாவைச் சொல்ல வேண்டும். 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸ். ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும். களத்தில் இரண்டு வீரர்கள் மோதிக்கொண்டார்கள், மத்தியஸ்தர் இருவரையும் வெளியேற்றினார். ஆனால் அந்தச் சூடு காலரிக்கு ஏறிவிட்டது. ஒரே பகுதியில் கலந்திருந்த இரண்டு அணி ரசிகர்களும் அடித்துக்கொண்டார்கள், கல் பறந்தது, நெரிசலில் பதினாறு பேர் மௌத்தானார்கள். மெச் பார்க்கப் போன பதினாறு பேர். இன்றும் அந்த ஊரில் ஆகஸ்ட் 16-ஐ உதைபந்தாட்ட ரசிகர் தினமாக நினைவு கூர்கிறார்கள், இரத்த தானம் செய்கிறார்கள்.

எங்கள் மாவட்டத்தில் அந்தளவு கூட்டம் வராது என்று சொல்வீர்கள். வராது. ஆனால் எங்களிடம் வேறொன்று இருக்கிறது. டவுன், கிண்ணியா, மூதூர் என்று மூன்று சமூகமும் கலந்து விளையாடும் மாவட்டம் இது. பந்துக்காக இரண்டு பேர் தள்ளிக்கொண்டால், இருபது செக்கன் வீடியோவாக அது வாட்ஸ்அப்பில் ஏறும்போது கழகங்களின் பெயர் காணாமல் போய்விடுகிறது. "நம்மட ஆக்களுக்கு அவனுகள் அடிச்சானுகள்" என்று தலைப்பு மாறிவிடுகிறது. அந்த வீடியோவில் முதலில் தள்ளியவன் தெரியவே மாட்டான். ஓடிவந்த கூட்டம்தான் தெரியும். மெக்கெய்சர் மைதானத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கச்சான் சாப்பிட்டுக்கொண்டு மெச் பார்த்த மனிதர்கள் அடுத்த நாள் சந்தையில் முகம் பார்க்கக் கூச்சப்பட வேண்டி வருகிறது. எங்களுக்குப் பயம் இதில்தான்.

வேறு விளையாட்டுகளில் இதற்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தாட்டத்தில் சண்டை நடக்கும்போது பெஞ்சை விட்டு எழும்பி வந்தால், யாரையும் தொடாவிட்டாலும், அடுத்த போட்டி இல்லை. 2007-இல் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியின் ஸ்டீவ் நேஷை எதிரணி வீரர் இடித்து விழுத்தினார். ஸ்டவுட்மையர், டியாவ் என்ற இரண்டு பேர் பெஞ்சிலிருந்து சில அடிகள் முன்னே வந்தார்கள். கை ஓங்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. இருவருக்கும் ஒரு போட்டித் தடை. 2-2 என்று சமமாக இருந்த தொடர். அவர்கள் இல்லாத அடுத்த ஆட்டத்தில் சன்ஸ் தோற்றது, தொடரையும் இழந்தது. அநியாயம் என்று அன்று பலர் கத்தினார்கள். இருக்கட்டும், அந்த விதி எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது.

"தம்பி விழுந்து கிடக்கிறான், பார்த்துக்கொண்டு இருக்கச் சொல்றீங்களா சேர்?" என்று ஒரு பழைய மாணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மைதானத்துக்குள் ஓடிய எல்லோரும் "விலக்குப் பிடிக்கத்தான் போனோம்" என்றுதான் சொல்கிறார்கள். உண்மையாகவே விலக்கப் போனவர் ஒருவர், அடிக்கப் போனவர் ஐந்து பேர். எந்தக் கமிட்டியாலும் பிரிக்க முடியாது. அதனால்தான் அந்த விதி நிய்யத்தை விசாரிப்பதில்லை. கோட்டைத் தாண்டினாயா, இல்லையா. அவ்வளவுதான்.

உதைபந்தாட்டச் சட்டப்படி பெஞ்சில் இருப்பவருக்கும் மத்தியஸ்தர் சிவப்பு அட்டை காட்டலாம். 2019-இலிருந்து கோச்சுக்கும் காட்டலாம். எங்கள் ஊர்ப் போட்டிகளில் பெஞ்சுக்கு அட்டை காட்டியதை நாங்கள் கண்டதில்லை. தனியாக நிற்கும் ஒரு மனிதர், பின்னால் யாருமே இல்லாமல், எந்தத் தைரியத்தில் காட்டுவார்?

வருகிற பெருநாள் கிண்ணத்துக்கான விதிமுறைத் தாள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டோம். நாலு வரி சேர்க்கச் சொல்கிறோம். சண்டை நேரத்தில் பெஞ்சை விட்டு உள்ளே வந்தவருக்கு அந்தச் சுற்றுப்போட்டியில் மீதி ஆட்டம் இல்லை. மூன்று பேருக்கு மேல் வந்தால் கழகமே வெளியே. மத்தியஸ்தர் அன்றிரவே எழுதிக் கொடுக்கும் அறிக்கைதான் சாட்சி, வீடியோ அல்ல. சமாதானக் கூட்டம் விரும்பினால் வைக்கலாம், ஆனால் தடை அதனால் குறையாது.

பெஞ்சுக்கு முன்னால் இழுக்கும் கோட்டுக்குச் சுண்ணாம்பு நாங்கள் வாங்கித் தருகிறோம். ஒவ்வொரு கழகமும் பிள்ளைகள் மதிக்கும் மூத்தவர் ஒருவரை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தட்டும். விதிமுறைத் தாளைத் தட்டச்சுச் செய்து தரவும் ஆயத்தம். கமிட்டித் தம்பிமார் இன்ஷா அல்லாஹ் வெள்ளிக்கிழமைக்கு முன் உள்பெட்டிக்கு வாருங்கள்.