ஒரு மணி நேரக் காட்சி

காட்டு விலங்குகளைக் காண்பதற்கென்றே கடல் கடந்து செல்வோர் இன்று பலர் உளர். செரங்கெட்டிப் புல்வெளியில் சிங்கத்தையும், போர்னியோக் காட்டில் ஒராங்குட்டானையும் தேடிச் செல்லும் இவர்தம் முயற்சியைச் செல்வர்தம் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுதல் எளிது. நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். மலைக் கொரில்லாவின் வரலாற்றை அறிந்த பின்னரே அவ்வெண்ணம் மாறிற்று. முழுதும் மாறிற்று என்பதற்கில்லை.

ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஆகிய மூன்று நாடுகளும் கூடும் விருங்கா எரிமலைத் தொடரும், உகாண்டாவின் பிவிண்டிக் காடுமே இவ்விலங்கின் உலகம். உலகின் எந்த விலங்குக்காட்சிச் சாலையிலும் மலைக் கொரில்லா இல்லை. அதனைக் காண விழைவோர் அம்மலை ஏறியே ஆகவேண்டும். (ஆண் குரங்கைக் கடுவன் என்றும் பெண் குரங்கை மந்தி என்றும் பிரித்துரைத்த நம் மொழி இதற்கும் ஒரு பெயர் படைத்திருக்கும், அது நம் மலைகளில் வாழ்ந்திருப்பின்!) 1980களின் தொடக்கத்தில் விருங்காவில் ஏறத்தாழ 250 கொரில்லாக்களே எஞ்சியிருந்தன. அவற்றைக் காக்கப் போராடிய டயன் ஃபாசி அம்மையார் 1985-இல் அம்மலையிலேயே கொலையுண்டார். 2018-இலோ இரு காடுகளிலுமாக எண்ணிக்கை ஆயிரத்தைக் கடந்தது. காவலர்தம் உழைப்பும் மருத்துவர்தம் தொண்டும் இதற்குக் காரணம். அவற்றுக்கு வேண்டிய பொருளில் பெரும்பங்கை ஈட்டித் தந்தவர்களோ காணவந்த பயணிகளே.

ருவாண்டாவில் ஒருவருக்கான அனுமதிக் கட்டணம் 2017-இல் 750 டாலரிலிருந்து 1,500 டாலராக உயர்த்தப்பட்டது. ஒரு கொரில்லாக் குடும்பத்தை நாளொன்றுக்கு எண்மரே காணலாம்; அதுவும் ஒரு மணி நேரமே. பதினைந்து வயது நிரம்பாதோர்க்கு அனுமதி இல்லை. சளி, காய்ச்சல் உடையோர் விலகி நிற்றல் வேண்டும். மனிதரின் நோய் அவற்றையும் எளிதிற் பற்றும். நமக்குச் சிறு தடுமனாய் வருவது அவற்றுக்குச் சாக்காடாய் முடியலாம். இத்துணைக் கட்டுப்பாடும் தகுமா என்பார்க்கு, தகும் என்பதே நம் விடை. கட்டணத்தைக் குறைத்துக் கூட்டத்தைப் பெருக்கின் காண்பதற்கு விலங்கு இராது.

எனினும் நம் உள்ளத்தை உறுத்துவது வேறொன்று. பிவிண்டி 1991-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக அக்காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பத்வா மக்கள் வெளியேற்றப்பட்டனர். கொரில்லாவுக்குக் காடு கிடைத்தது. பத்வாக்களுக்கு நிலமும் இல்லை, காடும் இல்லை. உகாண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2021-இல் அவர்கள் பக்கமே தீர்ப்புரைத்தது. பூங்கா வருவாயில் ஒரு பகுதி அண்டை ஊர்களுக்குப் பகிரப்படுவது மெய்யே. ஆயின் ஊராட்சி வழியே செல்லும் அத்தொகை, ஊரும் நிலமும் இழந்தார் கைக்கு எவ்வாறு முழுமையாய்ச் சேரும்? அனுமதிச் சீட்டு ஒவ்வொன்றிலும் பத்வாக்களுக்கெனத் தனிப்பங்கு ஒதுக்கப்படல் வேண்டும். அது கொடையன்று, கடன். அத்துணைப் பெருந்தொகை செலுத்தும் பயணிக்கு மேலும் சில டாலர்கள் சுமையாகா. தம் பணம் யாரைச் சேர்கிறது என்று வினவும் உரிமையும் அவர்க்கு உண்டு.

இன்று அக்காட்டோரத்தில் பத்வா முதியோர், தம் முன்னோர் தீக்கடைந்த முறையையும் தேனெடுத்த முறையையும் பயணிகள்முன் செய்துகாட்டிக் கூலி பெறுகின்றனர். கொரில்லாவைக் கண்டு இறங்கியோர் அதனையும் நின்று பார்த்துப் படமெடுத்துச் செல்கின்றனர்.