ஊர் கூடிச் செதுக்கிய குதிரைகள்

ஒரு ஊருக்கே சொந்தமாக ஒரு குடை ராட்டினம். அதையும் விலைக்கு வாங்காமல் ஊர் ஜனங்களே செதுக்கிச் செய்தார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் மான்டானா மாநிலத்து மிசூலா நகரில், ஆற்றங்கரைப் பூங்காவில் அது இருக்கிறது. அதைப் பற்றிப் படித்ததிலிருந்து யாரைப் பார்த்தாலும் எனக்கு இதே பேச்சுதான்!

ஆரம்பித்து வைத்தவர் சக் கபாரிச். அலமாரி செய்யும் மர வேலைக்காரர். வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகரில் 1909-ல் செய்த பழைய ராட்டினம் ஒன்று உண்டு. அதில் மனசைப் பறிகொடுத்தவர், வீட்டிலேயே குதிரை செதுக்கத் தொடங்கினார். 1991-ல் நகரசபையிடம் போய், ராட்டினம் நான் செய்து தருகிறேன், நீங்கள் இடம் கொடுங்கள், ஆனால் ஒரு நாளும் அதைப் பிரிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டாராம்.

ஏன் இந்த நிபந்தனை? அந்த நாட்டில் பழைய ராட்டினங்கள் பலவற்றைப் பிரித்து, குதிரை குதிரையாக ஏலம் போட்டு விட்டார்கள். கலைப்பொருள் சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுத்தார்கள். குழந்தைகள் ஏறி ஆடிய குதிரை, யார் வீட்டுக் கூடத்திலோ போய் நின்றது. பாவம் இல்லையா?

குதிரை செய்வது லேசான வேலை இல்லை. முழுக் கட்டையில் செதுக்கினால் கனம் தாங்காது, வெடிப்பும் விடும். அதனால் பலகைகளை ஒட்டி, உடம்பை உள்ளே வெற்றிடமாகப் பெட்டி போலச் செய்கிறார்கள். தலையும் கால்களும் தனித்தனி. காலில் மர ரேகை மேலிருந்து கீழாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பட்டென்று ஒடிந்து விடும். எல்லாம் ஒட்டி, உளியால் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கடைசியில்தான் வர்ணம்.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்க ராட்டினம் இடஞ்சுழியாகச் சுற்றும். அப்போது குதிரையின் வலப் பக்கம்தான் வெளியே நிற்பவர் கண்ணில் படும். அதனால் பூவும் மணியும் நகாசும் அந்தப் பக்கமே அதிகம். நாம் முந்தானைக்கு வேலைப்பாடு வைக்கிற மாதிரிதான்!

இத்தனைக்கும் உழைத்தவர்கள் சம்பளக்காரர்கள் அல்ல. வேலை முடிந்த நேரத்தில் வந்த ஊர்க்காரர்கள். நான்கு வருஷத்தில் ஒரு லட்சம் மணி நேரத்துக்கு மேல் உழைத்திருக்கிறார்கள். 38 குதிரைகள், இரண்டு ரதங்களோடு 1995 மே 27-ல் ராட்டினம் சுற்றத் தொடங்கியது.

என் மனசைத் தொட்டது பள்ளிப் பிள்ளைகள் செய்த காரியம். ஆளுக்குக் கொஞ்சமாகப் பென்னிக் காசு சேர்த்தார்கள். 100 பென்னி சேர்ந்தால்தான் ஒரு டாலர். அப்படியே பத்து லட்சத்துக்கு மேல் காசு, அதாவது 10,000 டாலருக்கு மேல் சேர்ந்து விட்டது! 'இந்தக் குதிரையில் என் காசும் இருக்கு' என்று சொல்லும் பிள்ளை, அதன் வாலை முறிக்குமா, பேரைக் கீறி வைக்குமா?

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. எந்த ராட்டினமானாலும் சரி, கைக்குழந்தையோடு போனால் ரதத்தில் உட்காருங்கள். சின்னப் பிள்ளையைக் குதிரையில் ஏற்றினால், நடத்துபவரிடம் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு நில்லுங்கள். முழுக்க நின்ற பிறகே இறக்குங்கள்.

கடையில் வாங்கியதை விற்கத் தோன்றும். கை காய்த்துப் போகத் தேய்த்துச் செய்ததை விற்க மனசு வருமா? கபாரிச்சின் நிபந்தனைக்குக் காவல் காகிதத்தில் போட்ட கையெழுத்து மட்டும் இல்லை, அந்த ஊர்க்காரர்களின் கைகளும்தான். பொது இடத்தில் ஒரு செடி நட்டாலும், பெஞ்சுக்கு வர்ணம் பூசினாலும், குழந்தைகளையும் கூட்டிப் போய் ஒரு கை போடச் சொல்லுங்கள். அப்புறம் அதைக் காப்பாற்றும் வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.